ஜார்ஜ் யாரைத் தேடுகிறார்?

(நம் குடியிருப்பின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சார், நீங்கள் முப்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்தவர், அடுத்த சந்திப்பில் ஏதாவது பேசுங்கள்" என்று சங்கத்தில் கேட்டார்கள். எதைப் பற்றிப் பேசலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒரே குரலில் "பேய்க்கதை!" என்றார்கள். அதோடு நம் பி பிளாக் மோட்டார் ரூம் பக்கம் இருட்டிய பிறகு ஒரு தாத்தா நிற்கிறார் என்ற ரகசியத்தையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தத் தாத்தாவிடம் கடைசியில் வருகிறேன். முதலில் ஒரு கப்பல்.

நம்மில் பலர் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது நயாகரா அருவிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிறோம். அங்கிருந்து காரில் அரை மணி நேரத்தில் பஃபலோ நகரம். ஏரிக்கரையில் ஓய்வு பெற்ற போர்க்கப்பல்களை நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2019-ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பழைய இஞ்சின் ரூம் ஆசையில் நானும் அங்கே போனேன். அதில் ஒரு நாசகாரிக் கப்பலின் பெயர் 'தி சல்லிவன்ஸ்'.

இந்தக் கப்பலைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. பூட்டிய கதவு காலையில் திறந்து கிடக்கும் என்பார்கள். ஆளில்லாத அறையில் பேச்சுக் குரல் கேட்கும். இரவில் ஐந்து வெளிச்சங்கள் மிதந்து போகும். உள்ளே ஐந்து சகோதரர்கள் சேர்ந்து நிற்கும் படம் இருக்கிறது. அதைப் படம் பிடித்தால் நால்வர் தெளிவாக விழுவார்கள், மூத்தவர் ஜார்ஜின் முகத்தில் மட்டும் வெள்ளைப் புகை போல விழும் என்பார்கள். ஜார்ஜ் அந்தக் கப்பலில் தம்பிகளைத் தேடிக்கொண்டே திரிகிறார் என்பதுதான் கதை.

யார் இந்த ஐந்து பேர்? அயோவா மாநிலத்து வாட்டர்லூ என்ற ஊரில், ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரின் பிள்ளைகள்: ஜார்ஜ், ஃபிராங்க், ஜோ, மேட், ஆல். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஐவரும் கடற்படையில் சேர முன்வந்தார்கள். ஐந்து பேரையும் ஒரே கப்பலில் போட வேண்டும், பிரிக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. சகோதரர்களை ஒரே கப்பலில் வைப்பதைக் கடற்படை விரும்பாது. இருந்தாலும் ஒப்புக்கொண்டது. 'ஜுனோ' என்ற குரூசர் கப்பலில் ஐவருக்கும் இடம் கிடைத்தது.

1942 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை. பசிபிக் கடலில் குவாடல்கனால் தீவுக்கு அருகே விடியும் முன் நடந்த சண்டையில் ஜுனோ அடிபட்டது. மற்ற கப்பல்களோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, முற்பகல் பதினொரு மணி வாக்கில், ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று விட்ட டார்பிடோ பாய்ந்தது. ஜுனோ வெடித்துச் சில நொடிகளில் மூழ்கியது.

இந்த இடத்தைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். கூடப் போன கப்பல்கள் நிற்கவில்லை. நீர்மூழ்கி பக்கத்தில்தான் இருக்கிறது, நின்றால் நமக்கும் இதே கதி என்று அந்த அணியின் தலைமை அதிகாரி முடிவு செய்தார். அவ்வளவு பெரிய வெடிப்பில் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்றும் நினைத்தார்கள். ஆனால் நூறு பேர் அளவில் தண்ணீரில் உயிரோடு இருந்தார்கள். மேலே பறந்த ஒரு விமானத்துக்குச் சைகை காட்டி, ஆட்களைத் தேடச் சொல்லுங்கள் என்று செய்தி கொடுத்தார்கள். ரேடியோவில் பேசக் கூடாது என்று விமானத்துக்கு உத்தரவு. அதனால் தரையிறங்கிய பிறகுதான் அவர்கள் தகவலைக் கொடுத்தார்கள். அந்தத் தகவல் மற்ற காகிதங்களோடு கலந்து நாள் கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. எட்டு நாள் கழித்துக் கடலிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பத்துப் பேர். மொத்தம் இறந்தவர்கள் 687.

நான் எத்தனையோ பேய்க்கதை கேட்டிருக்கிறேன். மேஜை மேல் கிடந்த அந்தக் காகிதத்தைப் போல என்னைப் பயமுறுத்தியது எதுவும் இல்லை.

ஃபிராங்க், ஜோ, மேட் மூவரும் வெடிப்பிலேயே போய்விட்டார்கள். ஆல் மறுநாள் மூழ்கினார். ஜார்ஜ் மட்டும் மிதவையைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து நாள் உயிரோடு இருந்தார். வெயில், தாகம், சுற்றிலும் சுறாக்கள். தம்பிகளின் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டே இருந்தார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். புத்தி தடுமாறிய நிலையில், ஓர் இரவு மிதவையை விட்டு இறங்கி நீந்திப் போனார். அதன் பிறகு அவரைக் காணவில்லை.

பெற்றோருக்கு 1943 ஜனவரியில்தான் செய்தி வந்தது. கடற்படைச் சீருடையில் வாசலில் வந்து நின்றவர்களிடம் தகப்பனார் "எந்தப் பையன்?" என்று கேட்டாராம். ஐந்து பேரும் என்றார்களாம். இருபது வயது ஆலுக்கு மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

கட்டிக்கொண்டிருந்த ஒரு புதிய நாசகாரிக்கு ஐவரின் பெயரையும் சேர்த்துச் சூட்டினார்கள். 1943 ஏப்ரல் 4 அன்று சான் பிரான்சிஸ்கோவில் அதைக் கடலில் இறக்கி வைத்தவர் அந்தத் தாய்தான். அதாவது, பஃபலோவில் நிற்கும் கப்பலில் ஐவரும் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. அது கடலில் இறங்கும் முன்பே அவர்கள் இல்லை. பிறகு எப்படி ஜார்ஜின் ஆவி அங்கே வரும்?

கப்பல்காரன் என்ற முறையில் சத்தங்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். பகல் வெயிலில் விரிந்த இரும்பு இரவுக் குளிரில் சுருங்கும்போது சுத்தியலால் தட்டியது போலச் சத்தம் வரும். காற்றுக் குழாய் வழியாக மேல்தளத்துப் பேச்சு கீழ் அறையில் கேட்கும். கப்பல் லேசாக ஆடினாலே சரியாகத் தாழ் போடாத கதவு தானாகத் திறக்கும். கண்ணாடிச் சட்டத்தின் மேல் ஃப்ளாஷ் அடித்தால் ஏதோ ஒரு முகத்தில் வெள்ளை விழத்தான் செய்யும். அந்தக் கீழ்த்தளத்தில் நானும் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். என் பழைய இஞ்சின் ரூம் வாசனை வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

ஆனாலும் அந்தக் கதையைச் சொல்கிறவர்களைப் பார்த்து என்னால் சிரிக்க முடியவில்லை. கடலில் தம்பிகளைத் தேடியவரை யாரும் தேடி வரவில்லை. அந்தக் குறை ஊர் மனதில் இருக்கிறது. அதனால் அவர் பெயர் எழுதிய கப்பலில் அவருக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

பேயை விடப் பெரிய விஷயம் ஒன்றையும் அந்தக் கப்பல் செய்திருக்கிறது. 1945 மே 11, ஒகினாவா பக்கம். 'பங்கர் ஹில்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் தற்கொலை விமானங்கள் மோதித் தீப்பிடித்தது. கடலில் குதித்து உயிருக்குத் தவித்த 166 பேரைத் தூக்கி எடுத்தது இந்த 'தி சல்லிவன்ஸ்'. எந்த ஐவருக்காக யாரும் நிற்கவில்லையோ, அவர்கள் பெயரைத் தாங்கிய கப்பல் அன்று நின்றது. ஆலின் மகனும் பிற்காலத்தில் இதே கப்பலில் வேலை பார்த்தார். ஆவி நடமாடியதோ இல்லையோ, ஒரு சல்லிவன் அந்தத் தளத்தில் நடந்திருக்கிறார்.

1965-ல் கப்பல் ஓய்வு பெற்றது. 1977-ல் பஃபலோவுக்கு வந்தது. 2022 ஏப்ரலில் அடித்தகட்டில் ஓட்டை விழுந்து, தண்ணீர் புகுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி மூழ்கிவிட்டது. நான் நடந்த தளம் தண்ணீருக்குள் சரிந்து கிடந்த படத்தைப் பார்த்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு நீரை இறைத்து நிமிர்த்தினார்கள். நினைவுச் சின்னத்துக்கு ஆபத்து பேயால் வருவதில்லை, துருவால் வருகிறது. கசிவை உடனே பார்க்க வேண்டும் என்பதை நம் குடியிருப்பில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது மோட்டார் ரூம் தாத்தா. பிள்ளைகளே, உங்கள் கதையில் பாதி உண்மை. அங்கே ஒரு தாத்தா இருந்தார். பதினோரு வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் போட்டவர். நாம் எல்லோரும் அவர் ஏற்றிய தண்ணீரில்தான் குளித்துவிட்டு ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனோம். 2020-ல், ஊரடங்கு நேரத்தில், சொந்த ஊரில் இறந்துபோனார். நம்மில் ஒருவராலும் போக முடியவில்லை. பிறகு ஓர் இரங்கல் கூட்டமும் நாம் வைக்கவில்லை. இந்த உரைக்காக அவர் முழுப்பெயரை யோசித்தேன். "வாட்ச்மேன் அண்ணே" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பழைய சம்பளப் பதிவேட்டைப் புரட்டித்தான் கண்டுபிடித்தேன்.

அந்தப் பெயரை நான் இப்போது சொல்லப்போவதில்லை. மோட்டார் ரூம் கதவில் அவர் பெயரோடு ஒரு சிறு பலகை வைக்கச் சங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. வரும் ஞாயிறு வைக்கிறோம். பிள்ளைகளே, எல்லோரும் போய்ப் படியுங்கள். இருட்டிய பிறகே போங்கள். பயமாக இருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி "தாத்தா" என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். பயம் போய்விடும்.