ஒரு குளிசை, இரு மருந்து

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழியை நாம் பந்தியிலே நினைப்பதுண்டு. மருந்துப் பெட்டியைத் திறக்கும்போது நினைப்பது அரிது. உடம்பை இறைவன் உறையும் ஆலயமெனப் போற்றும் நாம், அவ்வாலயத்துள் என்ன செல்கின்றது என்பதை அறிதல் கடனன்றோ? ஆதலின், வைத்தியர் எழுதிக்கொடுக்கும் வலிபோக்கும் கூட்டுக் குளிசைகளைப் பற்றிச் சிறிது பேச விழைகின்றோம்.

இக்குளிசைகளுள் இரண்டு மருந்துகள் உள. ஒன்று அபின் இனத்தது. கொடெயின், ஐதரோகொடோன், ஒட்சிகொடோன் என்பன அவ்வினத்தைச் சேர்ந்தவை. மற்றது, நம் வீடுகளில் பனடோல் என வழங்கும் பரசிற்றமோல். இதனையே அமெரிக்காவிலும் கனடாவிலும் அசெற்றமினோபென் என்பர். தைலனோல் என்பது அங்கே வணிகப் பெயர். பெயர் பல, பொருள் ஒன்றே.

இருவேறு வழிகளில் வலியைத் தணிப்பதால், ஒவ்வொன்றும் குறைந்த அளவிலே போதிய பயன் தரும் என்பதே இவற்றைச் சேர்த்ததன் நோக்கம். சத்திர சிகிச்சையின் பின்னும் எலும்பு முறிந்தபோதும் சில நாட்களுக்கு இவை பேருதவி செய்வன. ஆனால் பயன் இரண்டு வழியில் வருவது போலவே, கேடும் இரண்டு வழியில் வரும்.

அபினினத்து மருந்து மிஞ்சினால் மயக்கம் மேலிட்டு மூச்சுத் தளரும், நின்றுவிடவும் கூடும். சாராயமோ நித்திரைக் குளிசையோ உடன் சேர்ந்தால் ஆபத்துப் பெருகும். பரசிற்றமோல் மிஞ்சினால் கெடுவது ஈரல். அம்மருந்தின் ஒரு சிறு பங்கு ஈரலிலே நஞ்சாக மாறுகின்றது. குளுற்றாதையோன் என்னும் பொருள் அந்நஞ்சை அடக்குகின்றது. அளவு மிஞ்சும்போது அப்பொருள் தீர்ந்துபோக, நஞ்சு ஈரலை அழிக்கின்றது. முதல் நாளிலே குமட்டலன்றி வேறொன்றும் தோன்றாதிருக்கலாம். சுகமென்று எண்ணி வாளாவிருப்போர்க்கு வினை பின்னர் வரும்.

இன்னுமொன்று. அபினினத்து மருந்துக்கு உடல் பழகிவிடும். முதலில் ஒரு குளிசை போதும். நாளடைவில் இரண்டு வேண்டியதாகும். ஈரலோ பரசிற்றமோலுக்கு அவ்வாறு பழகுவதில்லை. வலிக்காகக் குளிசையைக் கூட்டுபவர், தாம் அறியாமலே மற்ற மருந்தையும் கூட்டுகின்றார். கூட்டுக் குளிசையின் சூழ்ச்சி இதுவே.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு 24 மணி நேரத்தில் பரசிற்றமோலின் உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். மெலிந்தவர்க்கும், ஈரல் நோயாளர்க்கும், மதுப் பழக்கமுடையோர்க்கும் அதனினுங் குறைவு. அதனை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இங்கிலாந்தில் வழங்கும் கோ-கொடமோல் குளிசையொன்றில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் உண்டு. எட்டுக் குளிசையில் வரம்பு நிரம்பிவிடும். அதன்மேல் தலையிடிக்கென்று 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு விழுங்கினால் கணக்கு 5,000. அமெரிக்காவில் முன்னர் 750 மில்லிகிராம் கலந்த ஐதரோகொடோன் குளிசைகளும் விற்கப்பட்டன. அவற்றில் ஆறு 4,500. இக்கேட்டைக் கண்ட அந்நாட்டு உணவு மருந்து நிருவாகம், கூட்டுக் குளிசையொன்றில் 325 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென 2011ஆம் ஆண்டிலே மருந்து உற்பத்தியாளரைக் கேட்டது. 2014இல் ஐதரோகொடோன் கூட்டு மருந்துகள் இன்னுங் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன.

அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு எனலாம். கனடாவிலும் இலண்டனிலும் உறவினர் இல்லாத வீடு நம்மிடையே எத்தனை? அவர்கள் வந்து திரும்பும்போது, முழங்கால் வலிக்காரரான பாட்டனாருக்கு அன்போடு ஒரு போத்தலை விட்டுச் செல்வதுண்டு. அப்போத்தலில் அசெற்றமினோபென் என்றிருக்கும். பாட்டனாரின் தலையணையருகே பனடோல் இருக்கும். இரண்டும் ஒன்றென்று அவருக்கு யார் சொல்வது?

ஆகவே சில நெறிகளைக் கைக்கொள்வோம். பிறருக்கு எழுதிய மருந்தை உண்ணலாகாது. கூட்டுக் குளிசை உண்ணும் நாளில், தடிமனுக்கோ தலையிடிக்கோ வாங்கும் மருந்திலும் பரசிற்றமோல் உண்டோவெனப் பார்க்க வேண்டும். ஒருவேளை தவறினால் மறுவேளை இரட்டிக்கலாகாது. கொடெயினைச் சிலருடைய உடல் மிக விரைவாக மோபீனாக மாற்றிவிடும். ஆதலால் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது ஆகாதென அமெரிக்க நிருவாகம் 2017இல் அறிவித்தது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தாது வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும்.

அளவு மிஞ்சிற்றென ஐயம் வரின், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராது, போத்தலோடு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நலொட்சோன் என்னும் மாற்றுமருந்து மூச்சை மீட்கும், ஈரலைக் காவாது. ஈரலைக் காக்கும் அசெற்றைல்சிசுற்றீன் முதல் 8 மணி நேரத்துள் கொடுக்கப்படின் மிகச் சிறந்த பயன் தரும்.

பெரியோர்களே, வலியைப் பொறுத்துக்கொண்டே இருங்கள் என்று நாம் கூறவில்லை. வைத்தியர் தந்த மருந்தை அவர் சொன்ன அளவில் அஞ்சாது உண்ணுங்கள். இளைஞர்களே, சிறிய எழுத்தை வாசிக்கும் கண் நமக்கு உண்டு; பிறமொழியை வாசிக்கும் கல்வியும் உண்டு. நம் வீட்டு முதியோரின் மருந்துப் போத்தல்களை எடுத்து, வாசித்து, தமிழிலே பெயரும் அளவும் எழுதி ஒட்டுவோமாக. சங்கத்தின் தொண்டு நம் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்.