தென்னங்கன்று நட்ட முதல் ஆண்டு
(கணியம்பாடியில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தென்னையைப் பற்றிப் பேச வந்த எனக்கு முதலில் நினைவு வருவது தண்ணீர்தான். சென்ற கோடையில் பாலாற்றங்கரை ஊர் ஒன்றில், பெரியவர் ஒருவர் நட்ட கன்றுகளைக் காட்டினார். இலை நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தன. நோய் என்று எண்ணி இரண்டு முறை மருந்து தெளித்துவிட்டார். நான் குழியின் மேல்மண்ணைச் சுரண்டினேன், வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்பு!

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும்போது முதல் ஊறலிலேயே அந்த உப்பு கழிவுநீரில் இறங்கிவிடுகிறது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் இழப்பீடு பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. வழக்கு நடந்தபடி நடக்கட்டும். இந்த ஆண்டு நடும் கன்று அதுவரை காத்திருக்காது.

வளர்ந்த தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். இளங்கன்று தாங்காது. பெரியவர் செய்த தவறு, நாள்தோறும் ஒரு குடம் ஊற்றியது. அந்த நீர் மேல்மண்ணிலேயே நின்று வெயிலில் ஆவியாகிவிடும். உப்பு மட்டும் தங்கும். முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாளும், பிறகு வாரம் இரு முறையும் நீர் விடுங்கள். ஆனால் விடும்போது வேர் மட்டத்துக்குக் கீழே இறங்கும்படி விட வேண்டும். அப்போதுதான் உப்பும் கீழே இறங்கும். களிமண் நிலத்தில் நீர் தேங்கினால் வடிகால் அவசியம். நல்ல நீர்க் கிணறு அருகில் இருந்தால், கோடை மாதங்களில் மட்டுமாவது அதிலிருந்து கொண்டு வந்து ஊற்றலாம். சிரமந்தான், ஆனாலும் பலன் உண்டு.

கன்றைச் சுற்றித் தேங்காய் மட்டையை மேடான பக்கம் மேலே இருக்கும்படி பரப்புங்கள். ஈரம் காயாது, உப்பும் மேலே ஏறாது. கரையான் வருகிறதா என்று அவ்வப்போது புரட்டிப் பாருங்கள்.

நடவு முறை பலருக்கும் தெரிந்ததே. மூன்றடிக் குழி, 25 அடி இடைவெளி. தொழு உரம், செம்மண், மணல் மூன்றையும் சம அளவு கலந்து இரண்டடி உயரம் நிரப்பி, அதன் நடுவே கன்றை வைத்து மண்ணை நன்றாக மிதித்துவிட வேண்டும். 9 முதல் 12 மாத வயதும், ஆறு இலைகளும், பருத்த கழுத்தும் உள்ள கன்றாகப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று நோஞ்சான் கன்றை வாங்கினால், அந்த நஷ்டம் ஐந்தாறு ஆண்டு கழித்துத்தான் தெரியும். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசம்பட்டி நெட்டையிலிருந்து தேர்வு செய்த ஆழியார்நகர் 1 என்ற இரகத்தையும் கருதிப் பாருங்கள். ஆனி, ஆடியில் நட்டால் அடுத்து வரும் மழை குழியிலுள்ள உப்பைக் கழுவிவிடும்.

மழையில் கரை மண் சரிந்து கன்றின் கழுத்தை மூடினால் அன்றே எடுத்துவிடுங்கள். நான் பார்த்த கன்றுச் சாவுகளில் பாதி இதனால்தான். தெற்கிலும் மேற்கிலும் தென்னங்கீற்றோ பனையோலையோ நட்டு இரண்டு ஆண்டு நிழல் கொடுங்கள்.

உரத்துக்கு அவசரம் வேண்டாம். இரண்டாம் ஆண்டில் கன்றுக்கு யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் 500 கிராம், பொட்டாஷ் 500 கிராம். இதை இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் இட்டால் போதும்.

விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியதுபோல் தெரிந்தால் அது காண்டாமிருக வண்டின் வேலை. கம்பியால் குத்தி வண்டை எடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரு பங்கு கலந்து, குருத்தை அடுத்த மூன்று மட்டை இடுக்குகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இடுங்கள். மூடாத எருக்குழியில்தான் அதன் புழு வளர்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்த வட்டாரத்தில் நாகநதிக் கரையில் பெண்கள் உறைகிணறு இறக்கி மழைநீரை நிலத்தடிக்குச் செலுத்தியதை நீங்களே கண்டீர்கள். உங்கள் வயலிலும் மழைநீர் கிணற்றோரம் இறங்க ஒரு குழி எடுங்கள்.

குழி வெட்டும் முன் நீரைச் சோதித்துவிடுங்கள். மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடித்து, பெயரும் சர்வே எண்ணும் எழுதி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுங்கள்.