ரெண்டு மாடும் ஒரே மாசத்துல கன்னு போட்டா?

(மூங்கில்துறைப்பட்டு மகளிர் கூட்டமைப்பு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துல இருந்து, குழுக் கடன்னா நமக்கு முதல்ல ஞாபகம் வர்றது கறவை மாடுதான். அதைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்தேன்.

எங்க குழுவுல எட்டு பேர் ஒரே சமயத்துல மாடு வாங்கினோம். எல்லாமே தை மாசம் கன்னு போட்ட மாடு. நான் ரெண்டு வாங்கினேன். அப்போ கரும்பு வெட்டு காலம். நம்ம ஊர் சர்க்கரை ஆலைக்கு வண்டி வண்டியா கரும்பு போகுது, தோகைக்குப் பஞ்சமில்லை. பால் நிறைய வந்துச்சு. தவணை ஒரு நாள்கூட தவறல.

சித்திரையில் எல்லா மாட்டுக்கும் சினை ஊசி போட்டோம். கார்த்திகை வந்ததும் எட்டு வீட்டுலயும் ஒண்ணா மடி வத்திப்போச்சு. பால் நின்னுச்சு, தீனிச் செலவும் தவணையும் நிக்கல. ஒருத்தர் கஷ்டம்னா மத்தவங்க கொடுத்து உதவலாம். எட்டு பேருக்கும் ஒரே கஷ்டம்னா யார்கிட்ட போய்க் கேட்கிறது? எங்க குழு தங்கச்சி ஒருத்தி, நிறை சினை மாட்டை தரகர் கேட்ட விலைக்குக் கொடுத்துட்டா. தையில் அது வேற ஒருத்தர் வீட்டுல கன்னு போட்டுச்சு. அவளுக்குக் கடன் மட்டும்தான் மிச்சம்.

குறை மாட்டுல இல்ல, எங்க கணக்குல. மாட்டுக்கு சினைக்காலம் சுமார் 280 நாள். கன்னு போட 2 மாசம் இருக்கும்போது கறவையை நிறுத்தித்தான் ஆகணும். அப்பதான் மடிக்கு ஓய்வு, வயித்துக் கன்னுக்கு வளர்ச்சி. அதனால ரெண்டு மாடும் சேர்ந்து வத்தாம பார்த்துக்கணும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவுல இறைச்சிக்கு மாடு வளர்க்கிற பலர், காளையை மந்தையில ரெண்டு மூணு மாசம் மட்டும்தான் விடுவாங்களாம். எல்லாக் கன்னும் ஒரே பருவத்துல பிறக்கும்; ஒரே அளவா வளர்ந்ததும் மொத்தமா விப்பாங்க. அவங்களுக்கு அது சரி. நமக்குக் காலையும் மாலையும் கேனில் பால் இருந்தாதான் அடுப்பு எரியும்.

அடுத்த முறை நான் ஒரு மாட்டுக்கு சித்திரையில் ஊசி போட்டேன். இன்னொண்ணுக்கு நாலு பருவம் விட்டு ஆனி கடைசியில் போட்டேன். ஒண்ணு தையில், ஒண்ணு சித்திரையில் கன்னு போட்டுச்சு. தள்ளிப்போட்டதுல கொஞ்சம் நஷ்டம்தான். அதனால புதுசா வாங்குறவங்க, வாங்கும்போதே ஆறு மாச இடைவெளி பார்த்து ரெண்டாவது மாட்டை வாங்குங்க.

ஒரு நோட்டு போடுங்க. கன்னு போட்ட தேதி, பருவம் வந்த தேதி, ஊசி போட்ட தேதி மூணையும் எழுதுங்க. கன்னு போட்டு 60 நாளுக்கு மேல ஊசி போடலாம். சினை பிடிக்கலன்னா சுமார் 21 நாளுக்கு ஒரு தடவை பருவம் வரும். காலையில் கத்தி, கண்ணாடி மாதிரி வழும்பு தெரிஞ்சா சாயந்தரம் ஊசி. சாயந்தரம் தெரிஞ்சா மறுநாள் காலை. மூணு மாசத்துக்குள்ள டாக்டரிடம் சினைப் பரிசோதனை செய்யுங்க. சினைன்னு நம்பி வெறுமனே காத்திருந்தா ஒரு வருஷமே போயிடும். தோகை மட்டும் போட்டு வளர்க்காதீங்க, தாது உப்பும் சேருங்க.

இப்போ எங்க குழுவுல மாட்டுக் கடனை நாலு பேருக்குத் தையில், நாலு பேருக்கு ஆடியில் கொடுக்கிறோம். பால் இருக்கிறவங்க, இல்லாதவங்க தவணையைத் தாங்குறாங்க. அதுக்கப்புறம் யாரும் சினை மாட்டை விக்கல.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடன் மனுவில் மாட்டு விலையை எழுதுறோம். அது எந்த மாசம் கன்னு போடும்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு வரி இருந்திருந்தா, அந்தத் தங்கச்சி வீட்டுல இன்னைக்கும் மாடு நின்னிருக்கும்.