பெயர் கொடுத்தோரும் பயின்று முடித்தோரும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

விழாக் காலத்தில் வெற்றிகளை எண்ணிப் பார்ப்பது வழக்கம். இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் செய்த நற்பணிகளை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் நிறைவாகவே கூறிவிட்டனர். ஆகவே, நான் ஒரு குறையைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி-4 தேர்வுக்கென நம் சங்கம் சென்ற ஆண்டு இணையவழிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியது. சுவரொட்டி ஒட்டினோம், ஊருக்கு ஊர் சொல்லி அனுப்பினோம், பெயர் கொடுத்தோரும் பலர். மூன்று திங்கள் கழிந்தபின், பாடத்தைத் திறந்து பார்ப்போரைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது.

இக்குறையைவிட, இதற்குச் சிலர் கூறிய காரணமே என் உள்ளத்தை வருத்தியது. “நம் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, இலவசமாகக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை” என்றனர். சொன்னவர்கள் அயலார் அல்லர், நம்மவர்களே. இதே பேச்சை நம் பாட்டன்மார் காலத்தில் வேறு சிலர் பேசினர். பள்ளிக் கதவை அடைத்து வைத்துக்கொண்டு, “இவர்களுக்குப் படிப்பு ஏறாது” என்றனர். அப்பேச்சை இன்று நாமே எடுத்துப் பேசுமுன், நடந்தது என்ன என்று ஆராய்ந்து பார்க்க வேண்டாமா?

உலகில் பெரும்பொருளும் பேரறிவும் உடைய நிறுவனங்கள் இதே முயற்சியில் என்ன கண்டன என்பதை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2012-இல் மின்சுற்றுகள் பற்றிய இணையப் பாடம் ஒன்றை உலகினர் அனைவருக்கும் இலவசமாகத் திறந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். சான்றிதழ் பெற்றவர் ஏழாயிரத்துச் சொச்சம். நூற்றுக்கு ஐவர்கூட இல்லை! அங்கே எவரும் அம்மாணவர்களின் சாதியைக் காரணம் காட்டவில்லை. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் தம் இணையப் பாடங்களில் சேர்ந்தவர்களை விசாரித்தபோது, ஐவரில் நால்வருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் என்று தெரிந்தது. கல்வி இல்லாதார்க்குக் கல்வி என்று சொல்லித் திறந்த பந்தியில், முன்பே உண்டவர்களே மீண்டும் வந்து அமர்ந்தனர்.

நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி வேறொன்று உண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2013 சனவரியில் அது யுடாசிட்டி என்னும் நிறுவனத்துடன் கூடி மூன்று கணிதப் பாடங்களை இணையத்தில் தொடங்கியது. கட்டணம் 150 டாலர்; அந்நாட்டுக் கணக்கில் மிகக் குறைவு. மாநில ஆளுநரே முன்னின்று அறிவித்தார். ஏழை மாணவர்க்கு விடிவு வந்தது என்று செய்தித்தாள்கள் எழுதின. சேர்ந்தவர்களுள் கல்லூரிக் கணிதத்தில் ஏற்கெனவே தோற்றவர்கள் இருந்தனர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் இருந்தனர். அப்பிள்ளைகளுள் சிலருக்கு வீட்டில் கணினி இல்லை என்பது பாடம் தொடங்கிய பின்னரே பொறுப்பாளர்களுக்குத் தெரிய வந்தது! பருவ முடிவில், அடிப்படைக் கணிதத்தில் தேறியவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற இரண்டிலும் பாதிப்பேர் அளவில் தோல்வி. சூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தனர். இடையே கோடைப் பருவத்தில் மட்டும் தேர்ச்சி உயர்ந்தது. ஏனெனில், அப்போது சேர்ந்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பட்டதாரிகள்.

அந்நிறுவனத்தை நிறுவிய செபாசுடியன் திரன், தம் பொருள் தரமற்றது என்று பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டலாம். ஆயினும், நெருக்கடியான சூழலில் வாழும் மாணவர்க்கு இம்முறை பொருந்தாது என்ற கருத்துப்படவும் பேசிவிட்டு, வேலையில் இருப்போருக்கான பயிற்சியின் பக்கம் நிறுவனத்தைத் திருப்பினார். வணிகருக்கு அது வழி. விற்காத சந்தையை விட்டு விற்கும் சந்தைக்குப் போகலாம். நம் சங்கத்துக்கு அவ்வழி இல்லை. நாம் யாரை விட்டு யாரிடம் போவது?

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைப்பேசியிலும் பாடங்கள் வந்தன. ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகள் மீண்டும் பள்ளிக்குள் வந்தது 2021 நவம்பரில்தான். அவர்கள் எவ்வளவு இழந்திருந்தனர் என்பதைப் பள்ளியில் இருந்த நாங்கள் கண்ணால் கண்டோம். அந்த அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் புதுமையான கருவி ஒன்றும் இல்லை. அந்தந்தத் தெருவிலேயே வாழும் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் படித்த பெண், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது பிள்ளைகளுடன் அமர்ந்தார். திங்களுக்கு ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவ்வளவே! அபிசீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு திங்களில் மீண்டது என்றும், அம்மீட்சியில் ஏறத்தாழக் கால்பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டனர். திரைக்கு முன் விட்டுச்சென்ற பிள்ளைகளை மீட்டதில், பள்ளி ஆசிரியர்க்கு அடுத்து, தெருவிலிருந்து வந்த ஓர் அக்காளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். டாக்டர் அம்பேத்கர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குச் செல்லும் ஏழை மாணவர் பயில வசதியாக வகுப்புகளைக் காலை வேளையில் வைத்தது. மாணவனின் நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டு, அதற்கேற்பக் கல்லூரியின் மணியை அடித்தனர்.

நம் பயிற்சியில் அக்கேள்வி கேட்கப்படவில்லை. நேரலை வகுப்பு மாலை 7 மணிக்கு வைக்கப்பட்டது. அந்நேரம் நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் எங்கே இருப்பர் என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும், அடுப்படியில். உப்பளத்துக்குப் போகும் வீடுகளில் பொழுது விடியுமுன் எழ வேண்டும். இரவு 9 மணிக்கு மேல் விளக்கு எரியாது. பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தையோடு வாழைத் தோட்டத்துக்கோ தூத்துக்குடிக்கோ போய்விடும். பாடங்களை நடத்தித் தந்தது வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்று. பாடங்கள் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடின. இடையில் ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

தேர்வின் 200 வினாக்களில் 25 வினாக்கள் திறனறிவுக் கணக்கைச் சார்ந்தவை. விகிதம், வட்டி, காலமும் வேலையும் ஆகிய இவற்றில்தான் நம் பிள்ளைகள் முதலில் நின்றுபோனார்கள் என்று, நின்றுபோன சிலரை நேரில் கண்டு பேசியபோது அறிந்தேன். ஒரு பெண் சொன்னாள்: “ஐயா, பின்னம் எனக்கு ஆறாம் வகுப்பிலேயே விட்டுப்போச்சு. அவங்க அது தெரியும்னு வச்சுக்கிட்டுப் பேசுறாங்க.” அக்கறை இல்லாதவள் பேசும் பேச்சா இது?

இந்தச் சாயர்புரத்துக்கு 1842-இல் வந்த ஜி. யு. போப், மாணவர்களைத் தம்முடன் தங்க வைத்தே பாடம் சொல்லித் தந்தார். அவர் காலத்தில் கைப்பேசி இல்லை என்பீர்கள். இருந்திருந்தாலும் மாணவரோடு அமர்வதை விட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

இணையவழிப் பாடத்தைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவரின் விளக்கம் நம் தெருவுக்குச் செலவின்றி வருவது பெரும் பேறு. ஆனால், அதைப் பார்ப்பதற்கு ஓர் அறை வேண்டும். சங்கக் கட்டடத்தின் முன்கூடம் ஞாயிறு தவிர எந்நாளும் பூட்டியே கிடக்கிறது. அங்கே ஒரு பெரிய திரையும் இணைய இணைப்பும் வைக்கலாம். காலை 5 முதல் 6.30 வரை ஒரு பிரிவு. பெண்களுக்கு வசதியான பிற்பகலில் ஒரு பிரிவு. பாடத்தைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். முதல் ஆறு வாரம் பின்னமும் விகிதமும் மட்டுமே நடக்கட்டும். இரண்டு நாள் வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒருவர் நடந்து போய்க் கேட்டு வரவேண்டும். பதிவேட்டில் சேர்ந்தோர் பத்தியை அடுத்து, இவ்வாரம் வந்தோர் என்றொரு பத்தியும் இருக்க வேண்டும். செயற்குழு கூடும்போது முதலில் அதைப் படிக்க வேண்டும்.

காலைப் பிரிவின் கணக்குப் பாடத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். பிற்பகல் பிரிவுக்கு, பட்டம் பெற்று வீட்டில் இருக்கும் நம் பெண்மக்கள் இருவர் தேவை. இக்கூட்டத்தில் அத்தகையோர் ஐந்தாறு பேராவது அமர்ந்திருக்கக் காண்கிறேன். செயலாளர் வாயிலருகே ஒரு குறிப்பேட்டுடன் இருக்கிறார். கூட்டம் முடிந்து செல்லும்போது அவரிடம் உங்கள் பெயரையும், வரக்கூடிய கிழமைகளையும் எழுதித் தருமாறு வேண்டி அமர்கிறேன்.