கர்ட்டன் ஏர்பேக்: பின்னிருக்கையில் இருப்பவர்களின் தலைக்கவசம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். அது கடல். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது கார் வாங்கப் போனால், “ஆறு ஏர்பேக் இருக்கு சார்” என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். பொதுவாக அந்த ஆறில் முன்னால் இரண்டு, முன்னிருக்கைகளின் பக்கவாட்டில் இரண்டு. மீதி இரண்டும் கர்ட்டன் ஏர்பேக். ஜன்னல்களுக்கு மேலே, கூரை ஓரத்தில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பின்னால் உட்காரும் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரும்பாலான கார்களில் கிடைப்பது இந்த இரண்டு மட்டும்தான்.

இது ஏன் தேவை? முன்னால் மோதினால் அடியை வாங்கிக்கொண்டு நசுங்க பானட் இருக்கிறது. பக்கவாட்டில் அப்படி எதுவும் இல்லை. கதவுக்கும் தோளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடம்தான். தலைக்குப் பக்கத்தில் வெறும் கண்ணாடி. சந்திப்பில் குறுக்கே வரும் லாரியோ, வண்டி சறுக்கிப் போய் இடிக்கும் மின்கம்பமோ நேராகத் தலையைத்தான் தாக்கும்.

அதனால் எல்லாம் மிக வேகமாக நடக்க வேண்டும். காரின் நடுத்தூணிலும், சில கார்களில் கதவுக்குள்ளேயும் உணரிகள் இருக்கின்றன. அடி விழுந்ததும் அவை கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செய்தி அனுப்பும். அடி பலமானது என்று கருவி முடிவு செய்தால், கூரை ஓரத்தில் இருக்கும் சிறிய உருளையிலிருந்து வாயு பாய்ந்து பை கீழ்நோக்கி விரியும். விரிய ஆகும் நேரம் ஏறக்குறைய 20 முதல் 30 மில்லி விநாடி. கண் இமைக்கும் நேரம் இதைவிடப் பல மடங்கு அதிகம்.

முன்பக்க ஏர்பேக் விரிந்தவுடனே காற்று இறங்கிவிடும். கர்ட்டன் சில விநாடிகள் வரை விறைப்பாகவே நிற்கும்படி செய்யப்படுகிறது. இடித்த கார் உருளவும் கூடும் அல்லவா? அப்போது தலையும் கையும் உடைந்த ஜன்னல் வழியே வெளியே போகாமல் அது தடுக்கும்.

நேருக்கு நேர் மோதும்போது பல கார்களில் கர்ட்டன் விரியாது. அது பழுது இல்லை. எந்தப் பக்கத்து அடிக்கு எந்தப் பை என்று கருவிதான் தீர்மானிக்கிறது.

வால்வோ நிறுவனம் 1998-இல் எஸ்80 காரில் இதைக் கொண்டுவந்தது. தலையைக் காக்கும் பக்கவாட்டு ஏர்பேக்குகளால், ஓட்டுநர் பக்கம் இடிபடும் விபத்துகளில் ஓட்டுநர் இறக்கும் அபாயம் கார்களில் 37 சதவீதமும் எஸ்.யு.வி.களில் 52 சதவீதமும் குறைகிறது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

நம் நாட்டில் ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் வரைவு அறிவிக்கை வந்தது. பிறகு தள்ளிப்போனது. கட்டாயமாக்கப் போவதில்லை என்று 2023 செப்டம்பரில் அமைச்சர் நிதின் கட்கரி சொல்லிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் மட்டும், 3 நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற, மணிக்கு 29 கிலோமீட்டர் வேகத்தில் காரைப் பக்கவாட்டில் கம்பத்தில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஆகவே கார் வாங்கும்போது நாம்தான் கேட்க வேண்டும்: நான் வாங்கும் இதே வேரியன்டில் கர்ட்டன் உண்டா? ஏழு பேர் வண்டி என்றால், மூன்றாவது வரிசை வரை அது நீள்கிறதா?

இனி முக்கியமான விஷயம். பை இருந்தால் மட்டும் போதாது. அது விரியும் வழியை நாம் அடைக்கக் கூடாது.

கைப்பிடிக்குப் பக்கத்துக் கொக்கியில் ஹேங்கரோடு சட்டை மாட்டாதீர்கள். கர்ட்டன் விரியும் வேகத்தில் அந்த ஹேங்கர் தலையை நோக்கிப் பாயும். கூரை ஓரத்தில் கிளிப், திரைக்கம்பி, பொம்மை எதுவும் வேண்டாம். தூணில் ‘ஏர்பேக்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் எதையும் ஒட்டவோ திருகவோ கூடாது. கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளையை நேராக உட்கார வையுங்கள். தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பை இறங்க இடம் வேண்டும். சீட் கவர் போடும்போது முன்னிருக்கையின் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் தையலை மூடாத கவராகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்னிருக்கையிலும் பெல்ட் வேண்டும். பெல்ட் இல்லாவிட்டால், பை விரியும் நேரத்தில் ஆள் அதற்கு எதிரே இருக்க மாட்டார். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்த சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது. விலையுயர்ந்த கார்தான் அது. பெல்ட் அணியாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். அது பெரிதில்லை, உயிர்தான் பெரிது.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருமுறை விரிந்த பையை மறுபடி மடித்து வைக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவில்லை என்றாலும் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இன்று இரவு கீழே பார்க்கிங்குக்குப் போய் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். கொக்கியில் ஹேங்கர் இருக்கிறதா, விளக்கு அணைகிறதா, பின்னிருக்கை பெல்ட்டின் பூட்டு சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். புதைந்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். நாளைக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.