தாடையைப் பின்னுக்கு இழுங்கள்

மூலனூர்ப் பக்கமிருந்து கம்பெனி வேன் ஏறும் டெய்லர்களுக்கு இந்தத் தகவல். நம் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்து தாங்கும் சுமை சுமார் 27 கிலோ என்று 2014இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். குனிந்து பார்ப்பது ஓவர்லாக் ஊசியானாலும் செல்போனானாலும் கழுத்துக்கு ஒன்றுதான்.

தைலம் தேய்த்தால் கழுத்து வலி சற்று அடங்கும், தசை வலுக்காது. டீ டைமில் நிமிர்ந்து உட்காருங்கள். முகத்தைத் தூக்காமல், தாழ்த்தாமல் தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். பத்து முறை போதும். கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகள் இதில் வேலை செய்கின்றன. தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்துப் பிடியுங்கள்.

வலி கைக்கு இறங்கி விரல் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.