புட்டிப்பால் கன்றுகளும் அன்னபான நிரோதமும்



ஈன்றணிமையுடைய பசுவைப் புனிற்றா என்றும், கன்றையுடைய பசுவைக் கற்றா என்றும் தமிழ் வழங்கிற்று. ஆவையும் கன்றையும் ஒரு சொல்லுக்குள்ளேயே பிணைத்து வைத்த மொழி இது. அப்பிணைப்பு அறுந்த கன்றுகளே இவ்வுரையின் பொருள். பிறந்த அன்றே தாயை இழந்தவை, தாய்க்குப் பால் சுரவாதவை, காளைக்கன்று என்ற ஒரே காரணத்தால் தெருவில் விடப்பட்டவை எனப் பல கன்றுகள் பசுமடங்களை வந்தடைகின்றன. அவற்றுக்குப் புட்டியே தாய்மடி.

இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை விரதத்துக்கு இழுக்காவன ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இறுதியில் நிற்கும் அன்னபான நிரோதம் கன்று வளர்ப்போர் முதலில் எண்ணத்தக்கது. மடியை ஒட்டக் கறந்தபின் கன்றை அவிழ்த்துவிடுதலும், பாலில் பாதி நீரைக் கலந்து ஊட்டுதலும் கண்ணுக்குத் தெரியாத உணவு மறுப்பே ஆகும்.

முதற் கடமை சீம்பால். நோயெதிர்ப்புப் பொருள் கருவிலிருக்கும் கன்றுக்குத் தாயிடமிருந்து செல்வதில்லை. சீம்பாலின் வழியாகவே சேர்கிறது. அதனைக் குடல் ஈர்க்கும் ஆற்றலோ மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஆதலின் பிறந்த 2 மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு அமைதல் வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டரேனும் தேவை. தாய் இல்லையெனின், அண்மையில் ஈன்ற வேறொரு பசுவின் சீம்பால் உதவும். அதனைக் காய்ச்சுதல் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். கடும்பு கிண்டி உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில், கன்றின் பங்கு போன பின்னரே மனிதர் பங்கு.

அடுத்த நாள்களில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு பாலை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உடற்சூட்டு அளவில் தருதல் பொதுவான முறை. கன்றை நிற்க வைத்து, தாய்மடியை நாடும் பாங்கில் கழுத்து நீண்டு தலை சற்றே உயர்ந்திருக்க ஊட்ட வேண்டும். அந்நிலையில் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவிலுள்ள பள்ளம் மூடிக் குழாய்போலாகி, பாலை நேரே நான்காம் வயிற்றுக்குக் கொண்டுசெல்லும். படுக்கவைத்து ஊற்றினாலோ, ரப்பர் காம்பின் துளையை விரைவுக்காக அகலப்படுத்தினாலோ பால் நுரையீரலுள் புகும். இரக்கத்தோடு ஊட்டிய கையே கன்றின் உயிருக்குத் தீங்காகிவிடும்.

கழிச்சல் கண்டவுடன் பாலை அடியோடு நிறுத்துவோர் உளர். நீரும் உப்பும் இழந்த கன்று, பட்டினியால் மேலும் தளரும். பாலைத் தொடர்ந்து தந்து, இடைவேளையில் உப்புச்சத்துக் கரைசலையும் ஊட்டி, கால்நடை மருத்துவரை விரைந்து அழைத்தலே முறை.

இனி ஓர் ஐயம் எழலாம். ஒருநாள் பாலை மறக்கடிக்கத்தானே வேண்டும். அதுவும் உணவு மறுத்தல் ஆகாதோ? விடை கன்றின் வயிற்றில் இருக்கிறது. பிறந்த கன்றின் முதல் வயிறு சிறியது. அசைபோடும் தொழிலை அறியாதது. முதல் வாரத்திலேயே தூய நீரும், இரண்டாம் வாரம் தொட்டுக் கைப்பிடியளவு கன்றுத் தீவனமும், சிறிது உலர்புல்லும் முன்னே வைத்தால் அவ்வயிறு மெல்ல வளரும். கலப்பினக் கன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிலோ தீவனத்தைத் தொடர்ந்து 3 நாள் தானே உண்ணுமாயின், அது பாலை விடத் தகுதி பெற்றதாகும். பெரும்பாலும் இரண்டு மூன்று திங்களில் இந்நிலை வரும். அப்போதும் ஒருவேளைப் பாலை முதலில் குறைத்து, 10 அல்லது 14 நாளில் படிப்படியாக நிறுத்துதல் நன்று. அக்காலத்தில் இடத்தையோ துணைக்கன்றுகளையோ மாற்றலாகாது. நாட்காட்டியை மட்டும் பார்த்து, தீவனம் உண்ணாத கன்றுக்குப் பாலை நிறுத்துவது அன்னபான நிரோதம். உண்ணக் கற்ற கன்றுக்குப் பாலைக் குறைப்பது வளர்ப்பு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. உயிரின் நிலையை உற்று நோக்குவோர்க்கே வேறுபாடு புலப்படும்.

விழா நாள்களில் பசுமடம் செல்வோர் பொங்கலும் வெல்லமும் பழமும் அள்ளி ஊட்டுவதைக் காண்கிறோம். மாவுப்பொருளும் இனிப்பும் மிகுந்தால் வயிறு புளித்துக் கன்று மடிதலும் உண்டு. அன்பர்கள் அச்செலவை ஒரு மூட்டைக் கன்றுத் தீவனமாகவும், புதிய ரப்பர் காம்புகளாகவும், மருத்துவர்க்குரிய கட்டணமாகவும் வழங்குவாராயின், தாயற்ற ஒரு கன்று பால் மறக்கும் நாள்வரை உயிரோடிருக்கும். அதுவே மெய்யான ஜீவதயை.